அப்பா கார்ல அப்டேட்... பெரியப்பா கார்ல ஆயில் கேன்!

இன்டர்னல்ஸ் முடிஞ்சு, மார்க் இன்னும் வராம, நடுவுல கிடைக்கிற அந்த நாலு நாள் நிம்மதியில இதைப் படிக்கிறீங்கன்னு நம்பறேன். போன வாரம் காலேஜ் பஸ் பத்தி எழுதினதுக்கு எங்க ரூட் டிரைவர் அண்ணன் மூணு நாளா என்னை முறைச்சுக்கிட்டே இருக்கார். அதனால இந்த வாரம் பஸ் வேணாம் சாமி... கார்!

எங்க குடும்பத்துல ரெண்டு கார் இருக்கு. ஒண்ணு அப்பாவோடது. வாங்கி எட்டு மாசம். வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சு எடுத்த போட்டோதான் இன்னிக்கும் அப்பா மொபைல்ல வால்பேப்பர். (கல்யாண போட்டோ இல்லையான்னு அம்மா கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.) இன்னொண்ணு பெரியப்பாவோடது. 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அப்பா பிறந்தது 1971. ஆக, அந்தக் கார் அப்பாவுக்கே அண்ணன்!

ரெண்டு காரும் சண்டை போட்டதில்லை. நான்தான் மூட்டி விட்டேன்.

விஷயம் இதுதான். பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. முழங்கால் வலி. ஒவ்வொரு தடவை கிளட்ச்சை மிதிக்கும்போதும் முகம் ஒரு செகண்ட் சுருங்குது. போன மாசம் சும்மா பேச்சோட பேச்சா, ‘‘பொங்கலுக்குள்ள இதைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்மா’’ன்னார். வாங்க வர்றவர் ஒரு ரிசார்ட் ஓனர். இன்ஜினைக் கழட்டிட்டு, பெயின்ட் அடிச்சு, வாசல்ல நிறுத்தி, அதுல சாய்ஞ்சு நின்னு ஜனங்க போட்டோ எடுத்துக்கணுமாம். பணம் நல்ல பணம். பெரியப்பா பசங்க ரெண்டு பேரும் அமெரிக்கா. ‘‘ஸெல் இட் டாட்’’னு ஒரே வரி மெசேஜ்.

எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. ‘‘நான் எடுத்துக்கறேனே பெரியப்பா’’ன்னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான். அன்னிக்கு ஆரம்பிச்சது வீட்டுல பட்டிமன்றம். அம்மாவோட முதல் கேள்வியே ஸ்ட்ரெயிட்டா ஸ்டம்ப்புக்கு: ‘‘கல்யாணமாகிப் போற வீட்டுக்கும் இந்த டப்பாவை ஓட்டிக்கிட்டுப் போவியா?’’

‘ஹெரால்டா? அது என்ன ஸ்போர்ட்ஸ் காரா, இவ்ளோ பில்டப் குடுக்கறே?’னு நீங்க சிரிக்கறது கேக்குது. இருங்க, பயோடேட்டா சொல்றேன்.

எங்க வீடு படப்பை. பெரியப்பா வீடு பெருங்களத்தூர் பக்கம். அந்தப் பெருங்களத்தூர்-வண்டலூர் ஜி.எஸ்.டி. ரோட்டுலதான் ஒரு காலத்துல ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஃபேக்டரி இருந்தது. 1948-ல தொடங்கின கம்பெனி. ஹூண்டாய், ஃபோர்டு எல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ல கார் பண்ணவங்க இவங்க. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட். அந்தக் காலத்து இந்தியாவுல காருன்னா இந்த மூணுதான். 1961-ல இவங்க கொண்டு வந்ததுதான் ஹெரால்ட்.

அதோட ஒரிஜினல், இங்கிலாந்துல 1959-ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட். டிசைன் பண்ணவர் ஜியோவன்னி மிக்கெலாட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். 1962-ல அதே ட்ரையம்ஃப் கம்பெனி ஒரு சூப்பர் ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ரெண்டு சீட், கூரை கிடையாது, பார்த்தாலே பத்திக்கும். அதை எதுல இருந்து செஞ்சாங்க தெரியுமா? ஹெரால்ட் சேஸிஸைக் குட்டையாக்கி! வரைஞ்சவரும் அதே மிக்கெலாட்டி. சுருக்கமா சொன்னா, ஹெரால்ட் வந்து ஸ்பிட்ஃபயருக்குப் பொறுப்பான அக்கா. அக்கா வீட்டைப் பார்த்துக்கிட்டா, தங்கச்சி ஊர் சுத்தினா!

இன்னும் ஒரு மேட்டர். ட்ரையம்ஃப் வண்டிகளோட முன்பக்க சஸ்பென்ஷன்ல இருக்கிற அப்ரைட்டை அந்தக் கால ரேஸ் கார் கம்பெனிங்க வாங்கி அப்படியே யூஸ் பண்ணாங்க. லோட்டஸ் இலான்ல இருந்து பல ஃபார்முலா ஃபோர்டு கார் வரைக்கும் அந்தச் சொந்தம் போகுது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் போய் பெரியப்பா காரோட முன் வீலைத் தடவிப் பார்த்தேன். உண்மையா.

ஆனா பில்டப்போட நிறுத்தினா அது பொய்யாயிடும். பெரியப்பா கார் 948 சி.சி. சுமார் 35 குதிரைத்திறன். உங்க பைக்ல சில பேருக்கு அதைவிட அதிகம் இருக்கும். படப்பை தாண்டி ஏத்தத்துல எங்களை ஒரு மணல் லாரி ஓவர்டேக் பண்ணும்போது, அந்த கிளீனர் தம்பி டாட்டா காட்டிட்டுப் போனான். அசிங்கமாப் போச்சு.

அப்புறம் எதுக்கு அது மேல இவ்ளோ பைத்தியம்?

ஒருநாள் விடியக்காலை அஞ்சரை மணிக்கு, வண்டலூர்-வாலாஜாபாத் ரோடு காலியா இருக்கும்போது ஓட்டிப் பாருங்க, தெரியும். முதல்ல சோக்கை இழுக்கணும். எவ்வளவு இழுக்கணும்னு மேனுவல்ல இருக்காது. பனி எவ்வளவு, வண்டி எத்தனை நாள் நின்னுச்சுங்கறதைப் பொறுத்து கை தானா இழுக்கணும். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நிக்கறதுக்கு முன்னாடி போட்டா, ‘கர்ர்ர்’ருனு கத்தி ஊரையே கூட்டும். ஸ்டீயரிங்ல பவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரோட்டுல ஒரு கல்லு ஏறினா உள்ளங்கைக்குத் தெரியும். ஆனா அந்த முன் வீல் ரெண்டும் திரும்பற திரும்பல் இருக்கே... 25 அடி வட்டத்துக்குள்ள முழு காரும் யு டர்ன் போடும். லண்டன் டாக்ஸி மாதிரி! ஒரகடம் சர்வீஸ் ரோட்டுல அப்பா கார் மூணு தடவை ரிவர்ஸ் எடுத்து, ‘கிங் கிங்’னு அழுது திரும்பற இடத்துல, ஹெரால்ட் ஒரே வீச்சுல திரும்பிடும். அப்பா அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போகும்போதே எண்பதுல போற ஃபீல். எங்கேயும் மெதுவாப் போய், எப்பவும் வேகமாப் போற சந்தோஷம். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைவிட நல்ல டெஃபனிஷன் யாராவது வெச்சிருந்தா எழுதிப் போடுங்க.

பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1984-ல தாம்பரம் டாக்டர் ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். அந்த வண்டி ஆசை எங்க ஆரம்பிச்சதுன்னு கேட்டா, கண்ணுல லைட் எரியும். சோழவரம்! செங்குன்றம் தாண்டி, ரெண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். அங்கதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தும். அந்த கிளப் 1953-ல ஆரம்பிச்சது. சைக்கிள்ல போய், வெயில்ல நின்னு, தொண்டை கட்டற வரைக்கும் கத்தி, கண்ணெல்லாம் புழுதியோட திரும்புவாராம். 1990-ல நம்ம இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நிஜமான ரேஸ் டிராக்கே வந்துடுச்சு. ஆனா, ‘‘சோழவரம் சோழவரம்தாம்மா’’ம்பார். இந்த ஒரு விஷயத்துல அவர்கிட்ட லாஜிக் எதிர்பார்க்காதீங்க.

ஹெரால்ட் பானெட்டைத் திறக்கற சீனை மட்டும் நான் உங்களுக்கு நேர்ல காட்டணும். பானெட், ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்... எல்லாம் ஒரே பீஸா முன்பக்கமா சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துக்கிட்டு இன்ஜினைப் பார்க்கலாம். கை போகாத இடமே கிடையாது. பாடியும் அப்படித்தான். தனி சேஸிஸ் மேல பாகம் பாகமா போல்ட் போட்டு மாட்டினது. இதுக்குக் காரணம் கேட்டா சிரிப்பீங்க. இங்கிலாந்துல அவங்களுக்கு பாடி செஞ்சு குடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. ஒரே அச்சுல முழு பாடி செய்ய ஆள் இல்லை. அதனால துண்டு துண்டா வேற வேற இடத்துல செஞ்சு கோத்தாங்க. தலையெழுத்துன்னு பண்ணினது அறுபது வருஷம் கழிச்சு பெருங்களத்தூர்ல ஒரு ஃபிட்டருக்கு வரமாப் போச்சு!

நம்ம செமஸ்டர்ல ‘வால்வ் கிளியரன்ஸ்னா என்ன’ன்னு ரெண்டு மார்க் கொஸ்டின் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாதி கிளாஸ் மனப்பாடம் பண்ணி எழுதினோம். பெரியப்பா என் கையில ஃபீலர் கேஜைக் குடுத்து, ‘‘இழுக்கும்போது வெண்ணெயில கத்தி போற மாதிரி லேசா பிடிக்கணும். பிடிக்கலைன்னா லூஸ். நிக்குதுன்னா டைட்’’னார். அவ்வளவுதான் கிளாஸ். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 எனக்கு இப்போ போன் நம்பர் மாதிரி.

சரி, இப்போ அப்பா கார். பிராண்ட் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நம்ம ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் நிறுத்தி வெச்ச மாதிரி டிரெய்லர் லாரியில அடுக்கிக்கிட்டுப் போகுமே, அந்த மாதிரி ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளிய வந்தப்போ பவர் ஸ்டீயரிங்கே பெரிய விஷயம். 2025 ஜனவரியில அதே ஃபேக்டரியோட கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தாச்சு. நடுவுல 27 வருஷம். பேரு ஒண்ணு, உலகம் வேற.

அப்பா கார்ல ஸ்கிரீன் இருக்கு. ஸ்கிரீனுக்குள்ள ஏ.சி. இருக்கு. ஃபேனைக் கூட்டணும்னா ரோட்டைப் பார்க்கறதை விட்டுட்டு ஸ்கிரீனைத் தடவணும். இதுல காமெடி என்னன்னா, உலகமே இப்போ பட்டனுக்குத் திரும்புது. ஐரோப்பாவுல காருக்கு ஸ்டார் குடுக்கிற யூரோ என்கேப், 2026-ல இருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹஸார்ட் லைட், அவசர உதவி அழைப்பு இதுக்கெல்லாம் நிஜமான பட்டன் இருந்தாத்தான் முழு மார்க்குனு சொல்லிடுச்சு. ஹெரால்ட் டாஷ்போர்டைப் பார்த்து, ‘‘நீ 59 வருஷம் அட்வான்ஸ்டா இருந்திருக்கே’’ன்னு தட்டிக் குடுத்தேன்.

லேன் மாறினா பீப். சீட் பெல்ட் இல்லேன்னா பீப். முன்னாடி வண்டி வந்தா பீப். நம்ம படப்பை மார்க்கெட்ல லேன் எங்க இருக்கு, வண்டி எங்க இல்லை? ஒரு தடவை வீட்டுக்கு வர்ற வரைக்கும் பீப் அடிச்சதுல பாட்டி, ‘‘வண்டிக்குள்ள குருவி ஏதாவது மாட்டிக்கிச்சா?’’ன்னு கேட்டாங்க.

இது வரைக்கும் சிரிச்சாச்சு. எனக்கு நிஜமாவே கடுப்பான விஷயம் வேற. அந்த காருக்கு மொபைல் ஆப் இருக்கு. ‘புராஜெக்ட் டிஸ்கஷன்’னு சொல்லிட்டு நாங்க நாலு பேர் காரை எடுத்துக்கிட்டு மகாபலிபுரம் போனோம். (அம்மா, இதைப் படிக்கிறீங்கன்னா, உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!) கடற்கரைக் கோயில் பார்க்கிங்ல வண்டியை நிறுத்தறதுக்குள்ள அப்பாவுக்கு மெசேஜ் போயிடுச்சு. வண்டி எல்லையைத் தாண்டிடுச்சாம். ஜியோ ஃபென்ஸ்! அவர் போன் பண்ணலை. திட்டலை. ராத்திரி சாப்பிடும்போது, ‘‘கடல் எப்படி இருந்துச்சு?’’ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கு இருபது வயசு. ஓட்டு போட்டாச்சு. ஆனா ஒரு கார் என்னைப் பத்தி வீட்டுல போட்டுக் குடுக்குது.

அப்பாகிட்ட மட்டும் போட்டுக் குடுத்தா பரவாயில்லையே. 2023-ல மொஸில்லா அமைப்பு 25 கார் பிராண்டுகளோட பிரைவஸி கொள்கையைப் படிச்சுப் பார்த்துட்டு அத்தனையையும் ஃபெயில் பண்ணினாங்க. ஒண்ணு கூட பாஸ் இல்லை, நம்ம மேத்ஸ் அரியர் மாதிரி. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ், டிரைவருங்க எப்படி பிரேக் போடறாங்க, எவ்வளவு வேகம் போறாங்கங்கற விவரத்தை டேட்டா கம்பெனிங்களுக்குக் குடுத்தது 2024-ல வெளிய வந்துச்சு. அதனால சில பேருக்கு இன்ஷூரன்ஸ் கட்டணமே ஏறிடுச்சு. நம்ம நாட்டுல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்திருக்கு. அந்தச் சட்டத்தை வெச்சு, ‘என் டேட்டாவை அழி’ன்னு கேக்கற முதல் கார் ஓனர் யாருன்னு நானும் காத்துக்கிட்டு இருக்கேன்.

2022-ல பி.எம்.டபிள்யூ. சில நாடுகள்ல ஒரு வேலை பண்ணுச்சு. கார்ல ஏற்கெனவே மாட்டியிருக்கிற சீட் ஹீட்டருக்கு மாச சந்தா! எல்லாரும் கத்தினதும் 2023-ல கைவிட்டாங்க. 2024-ல அமெரிக்காவுல ஃபிஸ்கர்னு ஒரு எலெக்ட்ரிக் கார் கம்பெனி திவால் ஆச்சு. வாங்கினவங்களுக்கு, இனிமே சாஃப்ட்வேர் அப்டேட் யார் குடுப்பாங்கன்னு வயித்துல புளி. கார் பளபளன்னு நிக்குது, அப்பன் இல்லை.

இதைப் பெரியப்பாகிட்ட சொன்னப்போ ஆயில் கேனைக் கீழ வெச்சுட்டு யோசிச்சார். ‘‘ஸ்டாண்டர்டும்தான் போயிடுச்சு’’ன்னார். ஆமாம். 1985-ல ஸ்டாண்டர்ட் 2000-னு ஒரு கார் விட்டாங்க. இங்கிலாந்து ரோவர் எஸ்.டி-1 ஓட பாடி. 1977-ல ஐரோப்பாவோட சிறந்த கார் பரிசு வாங்கின பாடி. உள்ளே வெச்சது மட்டும் ஆதிகால வேன்கார்ட் இன்ஜின் வம்சம். மாடல் அழகிக்கு மாட்டு வண்டி மாதிரி. விலையும் அதிகம், போகவும் போகலை. 1988 வாக்குல ஃபேக்டரி கதையே முடிஞ்சு போச்சு. ஆனா கம்பெனி போன பிறகும் பெரியப்பா கார் 37 வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு. புதுப்பேட்டையில கிடைக்கலைன்னா ஜி.பி. ரோடு. அங்கேயும் இல்லைன்னா லேத்துல கடைஞ்சுடுவார். அதுவும் முடியலைன்னா இங்கிலாந்துல ட்ரையம்ஃப் பாகங்கள் இன்னிக்கும் புதுசா செஞ்சு விக்கறாங்க, பார்சல்ல வந்துடும்.

இப்படியே எழுதி ‘பழசே ஜெயிச்சது’ன்னு நான் கொடி பிடிச்சிருப்பேன். போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி வராம இருந்திருந்தா.

நானும் அப்பாவும் ஒரகடம் பக்கம் இருந்து திரும்பிக்கிட்டு இருந்தோம். ஒன்பதே முக்கால் இருக்கும். ஷிஃப்ட் மாறற நேரம். ரோடு ஓரம் கம்பெனி பஸ் நின்னுக்கிட்டு இருந்தது. அந்த பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து குடை பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு சட்டுனு ரோட்டுக்கு வந்துட்டா. அப்பா பார்க்கலை. நான் பார்த்தேன், ஆனா வாய் திறக்கலை. கார் பார்த்துடுச்சு. அப்பா கால் பிரேக்குக்குப் போறதுக்கு முன்னாடியே கார் தானா பிரேக் போட்டு நின்னுச்சு. பெல்ட் என் தோளை இழுத்துப் பிடிச்சுது. அந்தப் பொண்ணு பானெட் மேல ஒரு கையை ஊன்றி நின்னா. கழுத்துல ஐ.டி. கார்டு தொங்குது. என் வயசுதான் இருக்கும். ஒரு செகண்ட் எங்களைப் பார்த்தா. அப்புறம் குடையைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து போயிட்டா.

அப்பா கொஞ்ச தூரம் போய், ஒரு டீக்கடையில நிறுத்தினார். கை நடுங்கி பாதி டீ கீழ ஊத்திடுச்சு. ரெண்டு பேரும் பேசலை.

அது எப்படி நடந்துச்சுன்னு எனக்கு கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. முன்பக்க ரேடார், கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா, ரெண்டும் சேர்ந்து தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போட்டு, ‘இவர் பிரேக் போட மாட்டார்’னு முடிவு பண்ணி, தானே போடுது. பரீட்சையில பிளாக் டயகிராம் போட்டுப் பதினாறு மார்க்குக்குப் பன்னிரண்டு வாங்கினேன். அந்த பிளாக் டயகிராமோட கடைசிக் கட்டத்துல ஒரு பொண்ணு குடையோட நிப்பாங்கறது நோட்ஸ்ல இல்லை.

இந்தியாவுல 2022-ல மட்டும் ரோடு விபத்துல செத்தவங்க 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல. முன்சீட்டுல ரெண்டு பேருக்கும் ஏர்பேக் கட்டாயம்னு இங்க சட்டம் வந்ததே 2021-லதான். நம்ம நாட்டுக்குன்னு சொந்தமா கிராஷ் டெஸ்ட் ஸ்டார் குடுக்கிற பாரத் என்கேப் 2023 அக்டோபர்லதான் ஆரம்பிச்சது. இதெல்லாம் சும்மா பீப் சத்தம் இல்லை.

மறுநாள் பெரியப்பாகிட்ட கேட்டேன். ‘‘அதே இடத்துல, அதே மழையில, நீங்க ஹெரால்ட்ல வந்திருந்தா?’’

அவர் சுத்தி வளைக்கலை. ‘‘நின்னிருக்காதும்மா. டிரம் பிரேக். மழைத் தண்ணி பட்டா இன்னும் மோசம். அதனாலதான் நான் ராத்திரி எடுக்கறதில்லை, மழையில எடுக்கறதில்லை. முப்பத்தஞ்சுக்கு மேல பஜார்ல போறதில்லை.’’ கொஞ்சம் விட்டு, ‘‘அந்த வண்டிக்கு என்ன முடியாதுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பனுக்கு அவன் வண்டிக்கு என்ன முடியும்னே தெரியாது’’ன்னார்.

ஹெரால்டோட பின் சஸ்பென்ஷன் விஷயமும் அன்னிக்குத்தான் முழுசா சொன்னார். ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமாப் போய், பயந்து சட்டுனு ஆக்ஸிலரேட்டரை விட்டா, பின் வீல் உள்பக்கமா மடங்கி, வால் வெளிய ஓடிடும். அமெரிக்காவுல ரால்ஃப் நேடர் 1965-ல கார்களோட பாதுகாப்பைக் கிழிச்சு ஒரு புத்தகம் எழுதினாரே, அதுல முக்கியமா மாட்டின கோர்வேர் காருக்கும் ஸ்விங் ஆக்ஸில்தான். நம்ம ஸ்டாண்டர்டே 1972-ல ஹெரால்டை மாத்தி கெஸல்னு விட்டப்போ, அதை எடுத்துட்டு சாதா ஆக்ஸில் போட்டாங்க. செஞ்சவங்களே மனசு மாறினதை நான் கண்ணை மூடிக்கிட்டு காதலிக்க முடியுமா?

இதோட சர்க்கார் கதை வேற. ஐம்பது வருஷம் தாண்டின வண்டியை 2021 விதிப்படி ‘வின்டேஜ்’னு பதியலாம். நம்பர் பிளேட்ல ‘வி.ஏ.’ன்னு எழுத்து வரும். ஃபீஸ் 20 ஆயிரம். ஆனா தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடறது, ரிப்பேர்... இதுக்குத்தான். அதாவது ரிசார்ட் வாசலைவிடக் கொஞ்சம் பெட்டர். காலேஜுக்கு ஓட்டணும்னா சாதாரணப் பதிவையே புதுப்பிச்சுக்கிட்டு இருக்கணும். இருபது வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல பத்தாயிரம் ஆச்சு. எஃப்.சி. வேற. அதுக்கு மேல இ-20 பெட்ரோல். 20 சதவீத எத்தனால், பழைய ரப்பருக்கு ஆகாது. ஹோஸ் பைப், ஏ.சி. பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஊறி, விரிஞ்சு, விட்டுடும். பெட்ரோல் சூடான இன்ஜின் மேல சொட்டினா என்ன ஆகும்னு கெமிஸ்ட்ரி படிக்கலைன்னாலும் தெரியும். மாத்தியே ஆகணும். என் ஸ்டைபண்ட் எவ்வளவுன்னு இந்தப் பத்திரிகை ஆபீஸுக்குத் தெரியும். (எடிட்டர் சார், கவனிக்க!)

நம்ம ஒரகடத்துலேயே இதுக்கு ஒரு நடுவழி வெச்சிருக்காங்க, கவனிச்சீங்களா? ராயல் என்ஃபீல்டு. 1955-ல இருந்து மெட்ராஸ்ல புல்லட் பண்றவங்க. 2013-ல ஒரகடத்துல ஃபேக்டரி போட்டாங்க. பார்க்க அந்தக் காலத்து வண்டி, உள்ள ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஏ.பி.எஸ். சில மாடல்ல வழி காட்டற குட்டி வட்ட ஸ்கிரீன் கூட. பழைய ஆசையைப் புது பிரேக்கோட விக்கறாங்க. நல்ல வியாபாரம். ஆனா அதுல பெரியப்பா இல்லையே. அந்த சோக்கை எவ்வளவு இழுக்கணும்னு சொல்ல ஆள் இல்லையே.

கடைசியில அப்பாதான் கண்டிஷன் போட்டார். ஒண்ணு, சேஸிஸ்ல பிடிச்சு முன்சீட் ரெண்டுக்கும் சரியான பெல்ட். ரெண்டு, பெட்ரோல் லைன் மொத்தமும் புதுசு. பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு. மூணு, ராத்திரியும் மழையும் கிடையாது. மூணுக்கும் மண்டையை ஆட்டினேன். நாலாவது சொன்னார் பாருங்க... ‘‘டாஷ்போர்டுக்கு அடியில ஒரு சின்ன ஜி.பி.எஸ். டிராக்கர். எழுநூறு ரூபாதான்.’’

‘‘அப்பாஆஆ!’’

‘‘நீ எங்க போறேன்னு பார்க்க இல்லைடி. எங்க நின்னு போச்சுன்னு பார்க்க.’’

அதுல ஒரு நியாயம் இருக்கறதுதான் கடுப்பு. இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு. அம்மா எந்தக் கட்சின்னு தெரியலை. பெல்ட் வாங்க ஜி.பி. ரோடு போறப்போ மட்டும் பையில தயிர்சாதம் கட்டிக் குடுத்தாங்க.

போன சனிக்கிழமை பெரியப்பாவும் நானும் ஹோஸ் மாத்தினோம். அவர் ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்ல, நான் கார் டயர் மேல உட்கார்ந்து கழட்டினேன். பழைய ஹோஸை வளைச்சதும் வெடிச்ச முறுக்கு மாதிரி உடைஞ்சுது. நடுவுல ரிசார்ட்காரர் போன். என் கை ரெண்டும் கிரீஸ். பெரியப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, யாருன்னு பார்த்து, போனைத் திருப்பிக் கவிழ்த்து வெச்சுட்டு, ‘‘அந்த கிளிப்பை ரொம்ப முறுக்காதே, வெட்டிடும்’’னார். இன்னும் அவருக்கு ‘இல்லை’ன்னு சொல்லலை. எனக்கு ‘சரி’ன்னும் சொல்லலை. பொங்கலுக்கு நாள் இருக்கு.

அதுவரைக்கும், ஞாயித்துக்கிழமை காலையில பெருங்களத்தூர்-படப்பை ரோட்டுல ஒரு சின்ன காரு ஃபர்ஸ்ட் கியர்ல ‘கர்ர்ர்’ருனு கத்திக்கிட்டு நின்னா, பின்னாடி ஹாரன் அடிக்காதீங்க ப்ளீஸ். பழகிக்கிட்டு இருக்கேன்.